நோஞ்சான் கூண்டு

ஏர்கோன் பழுது பார்க்கிறவன் அந்த மாதத்தில் மூன்றாவது முறையாக ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணாந்து பார்த்து, தட்டிப் பார்த்து, "எல்லாம் ஓக்கே லா" என்று சொல்லிவிட்டுப் போனபோது, அந்த ஏணியைப் பிடுங்கி அவன் மண்டையிலேயே போடலாம் போலிருந்தது திலகாவுக்கு. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று இவனை யார் கேட்டார்கள்? எதுவாவது கெட்டிருக்க வேண்டும். கெட்டிருந்தால்தான் அவள் பிழைப்பாள்.

ஈஜோக்கிலிருந்து கோலசிலாங்கூர் போகிற சாலையில், இருபுறமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை அடைத்து நிற்கிற இடத்தில், ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தின் பழைய ஸ்டோர் கட்டடத்தைத் தேய்த்துக் கழுவி வெள்ளையடித்து அந்தப் பரிசோதனைக் கூடத்தை வைத்திருந்தார்கள். வாசலில் நீளமாக ஆங்கிலத்தில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் அதற்கு எலிக் கம்பெனி என்று பெயர். திலகா எலிக் கம்பெனியில் ஊசி போடுகிறவள். அவளுடைய புருஷனின் அக்கா நல்லம்மாள் எலிகளைப் பார்த்துக்கொள்கிறவள். ஒரே வீடு, ஒரே மோட்டார் சைக்கிள். காலையில் சேர்ந்து வந்து சாயங்காலம் சேர்ந்து திரும்புவார்கள்.

சங்கதி இதுதான். ஆடு மாடுகளைச் சினைக்கு வரவைக்க ஓர் ஊசி மருந்து உண்டு. உடம்பில் தானாக ஊறுகிற ஹார்மோனைப் புட்டியில் அடைத்தது. அதற்கு எவ்வளவு வீரியம் என்பதை உயிருள்ள உடம்பில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். பால் மறந்த பெட்டை எலிக்குஞ்சுகளை இரண்டு பக்கமாகப் பிரிப்பார்கள். ஒரு பக்கத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்த, ஒப்பிட்டு அளக்கிற மருந்து. அதை ஸ்டாண்டர்ட் என்பார்கள். அந்தக் கூண்டுகளில் அடையாளத்துக்கு நீல வில்லை மாட்டுவார்கள். மறுபக்கத்துக்கு நம் ஊரில் செய்த மருந்து, மஞ்சள் வில்லை. சில நாள் கழித்து எல்லாவற்றையும் கொன்று, சினைப்பையை எடுத்து நிறுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கனத்திருந்தால் நம் மருந்து தேறியது. மஞ்சள் பக்கம் இலேசாக இருந்தால் மருந்து சொத்தை, கொட்ட வேண்டியதுதான்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எலி என்ன இரும்பா? அறை கொஞ்சம் சூடேறினால் அதன் உடம்பு ஒரு கணக்குச் சொல்லும், குளிர்ந்தால் வேறு கணக்கு. தீனி மாறினால் மாறும். விளக்கு அணைக்கிற நேரம் பிந்தினால் மாறும். பயந்தால் மாறும். செம்பனைக் குலை ஏற்றிய லோரி கூடத்தை ஒட்டித் திரும்பும்போது கூண்டெல்லாம் அதிரும். ஆடி மாதம் பிறந்தால் கோயில் ஒலிபெருக்கி. கடற்கரைப் பக்கம் புகைமூட்டம் வந்தால் எலிக்கும் தும்மல். போதாக்குறைக்கு லொத்தோங் குரங்குகள் கூரைமேல் குடும்பத்தோடு வந்து குதிக்கும். இத்தனையையும் தாண்டி அந்த எலி ஒரு நியாயமான பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம் என்று திலகாவுக்குத் தோன்றும்.

மருந்து ஜெராமிலிருந்து வந்தது. மத்தியாஸ் என்று ஒருவர், மீன்பிடிப் படகுகள் கட்டுகிற இடத்துக்குப் பின்னால் சின்னதாக ஒரு தொழிற்கூடம் போட்டு, அவரும் அவருடைய மச்சான் ஃபிரான்சிசும் செய்கிற மருந்து. முதல் தடவை பரிசோதனையில் தேறவில்லை. இரண்டாம் தடவையும் தேறவில்லை. இரண்டு தடவையும் மஞ்சள் கூண்டு எலிகளின் சினைப்பை இலேசாகவே வந்தது. செய்த மருந்து மொத்தத்தையும் சாக்கடையில் ஊற்றினார்கள்.

இரண்டாவது ரிப்போர்ட் போன மறுநாள் மத்தியாஸ் நேரிலேயே வந்துவிட்டார். நெடிய மனிதர், குனிந்து குனிந்தே பழகியவர். கூடத்தின் மேலாளர் டாக்டர் சிவானந்தம் அரசாங்கத்தில் மாட்டு டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அறையில் முக்கால்வாசி நேரம் நின்றுகொண்டே பேசிய மத்தியாஸ், வெளியே வந்து திலகாவைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, ரெண்டு தடவையும் மருந்து கலக்குறப்ப நானே பக்கத்துல நின்னேன். ஒரு கொறையும் கண்ணுக்குத் தெரியல. ஆனா ரிப்போர்ட்டு வீக்குன்னு வருது. ஒண்ணு ஒங்க எலி பொய் சொல்லணும், இல்ல என் மச்சான் பொய் சொல்லணும். எலி பொய் சொல்லாதுன்னு டாக்டர் சொல்றாரு."

அதற்கு அடுத்த வாரம் ஃபிரான்சிசை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கை சுத்தமில்லை, எங்கோ கவனம் இல்லாமல் கலக்குகிறான், அல்லது மருந்தைக் கொஞ்சம் எடுத்து வெளியே விற்கிறான் என்று பேச்சு. மத்தியாஸின் மனைவி பிளோரன்ஸ், ஃபிரான்சிசின் கூடப்பிறந்தவள். அவள் புருஷனுக்குச் சோறு போடுகிறாள், முகம் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தம்பி ஒரு வரிசையில், அக்காள் ஒரு வரிசையில். இதையெல்லாம் மத்தியாஸே வந்து திலகாவிடம் சொன்னார். ஏன் தன்னிடம் சொல்கிறார் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. கேட்டுக்கொண்டு நின்றாள், வேறென்ன செய்வது.

டாக்டர் சிவானந்தம் தன் பங்குக்கு ஒரு முடிவைச் சொல்லிவிட்டார். மத்தியாஸ் இந்தத் தடவை தானே கலந்து மூன்றாவது மருந்து கொண்டுவருகிறார். அதுவும் தேறாவிட்டாலோ, கணக்கு தாறுமாறாக இருந்தாலோ, எலி அறையை இழுத்து மூடிவிட்டுப் பரிசோதனையை பேங்காக்குக்கு அனுப்புவது. திலகாவும் நல்லம்மாளும் வீட்டில் இருக்கலாம். அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். அதுதான் திலகாவை இன்னும் பற்றி எரியவைத்தது.

மூன்றாவது பரிசோதனைக்குக் குஞ்சுகளைப் பிரிக்கிற காலை. வழக்கமாகத் திலகா பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு மருந்தை அளந்து கரைப்பாள். ஒரு சொட்டு முன்னே பின்னே போகக் கூடாது. யாரும் கூப்பிடக் கூடாது. அந்த நேரத்தில் நல்லம்மாள் எலி அறையில் குஞ்சுகளைக் கூண்டு கூண்டாகப் பிரித்து வைத்திருப்பாள். குஞ்சுகள் வந்த அன்றே ஒவ்வொன்றையும் நிறுத்து, வரம்புக்குள் இல்லாததை ஒதுக்கிவிடுவதால், மிச்சத்தை எந்தக் கூண்டில் போட்டால் என்ன என்று திலகா விட்டிருந்தாள். அன்று அவளுக்கு அளக்க உட்கார முடியவில்லை. அறையின் சூடு ஏறிவிட்டதோ என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது. இன்னொரு தடவை பார்த்துவிடுவோம் என்று எழுந்து வந்தவள், கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள்.

நல்லம்மாள் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி மெல்லத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கொழுகொழுவென்று இருந்தது. "ஒனக்கென்னடி, தாங்குவ" என்று சொல்லி நீல வில்லைக் கூண்டில் விட்டாள். அடுத்தது ஒல்லி. அதன் முதுகை ஒரு விரலால் தடவிவிட்டு மஞ்சள் கூண்டில் விட்டாள். அடுத்ததும் ஒல்லி. அதுவும் மஞ்சளுக்குப் போனது. திலகா கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"என்ன அண்ணி செய்றீங்க?"

"பிரிச்சுப் போடுறேன். வேறென்ன."

"எப்படிப் பிரிக்கிறீங்கன்னு கேக்குறேன்."

"ஒடம்பு பாத்துத்தான். சதை புடிச்சதெல்லாம் நீலத்துக்கு. நோஞ்சானெல்லாம் மஞ்சளுக்கு." நல்லம்மாள் இதில் என்ன கேள்வி இருக்கிறது என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். "நீலத்துக்கு வெளிநாட்டு மருந்துல்ல. சுருக்குன்னு ஏறும். நோஞ்சானுக்குப் போயி அதக் குத்தலாமா?"

திலகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. நோஞ்சான் எலிக்கு எந்த மருந்தைப் போட்டாலும் சினைப்பை இலேசாகத்தான் வரும். வரம்புக்குள் இருந்தாலும் பெரியதெல்லாம் ஒரு பக்கம், சிறியதெல்லாம் ஒரு பக்கம் சேர்ந்தால் கணக்கு ஒரு பக்கமாகவே சாயும். ஏர்கோன், தீனி, குரங்கு, ஆடி மாதம், புகைமூட்டம் என்று அவள் ஊரெல்லாம் தேடி அலைந்தது, கூடவே மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்திருக்கிறது.

அவள் கத்தினாள். எலிகள் மூலையில் ஒண்டிக்கொண்டன. எத்தனை நாள் தூக்கம் கெட்டது, எத்தனை பேரிடம் தலைகுனிந்து நின்றது, எல்லாவற்றையும் சொல்லிக் கத்தினாள். இங்கே ரப்பர்த் தோட்டம் இருந்த காலத்தில் நல்லம்மாள் ஆயாக் கொட்டாயில் வேலை பார்த்தவள். பால்மரம் வெட்டப் போகிற தாய்மார்கள் விட்டுப்போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மாதத்துக்கு ஒருநாள் பூச்சி மருந்து வரும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரு கரண்டி என்று மருந்துக்காரர் சொல்லிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் நல்லம்மாள் குண்டுப் பிள்ளைக்கு முழுக் கரண்டியும், காய்ந்த பிள்ளைக்கு அரைக் கரண்டியும் கொடுப்பாள். அவள் கையில் மருந்து குடித்த ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை. இன்றைக்கும் பத்தாங் காலியிலும் கலும்பாங்கிலும் கல்யாண வீடுகளில் பெரிய பெரிய ஆம்பிளைகள் வந்து "ஆயா" என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

"மஞ்சள் மருந்து லேசானதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கடைசியில் திலகா கேட்டாள்.

"நீதான் சொன்ன."

"நானா?"

"ஆமா. அந்த மருந்து மொத மொத வந்த அன்னிக்கு. சோறு தின்னுக்கிட்டு என் தம்பிக்கிட்ட சொல்லிச் சிரிச்ச. நண்டு புடிக்கிற ஊருல காய்ச்சுன மருந்துல என்ன இருக்கப்போவுது, கொசு கடிச்ச மாதிரிகூட இருக்காதுன்னு. நான் ரசம் ஊத்திக்கிட்டு நின்னேன்."

திலகாவுக்கு அந்த ராத்திரிச் சோறு ஞாபகம் வரவில்லை. ஆனால் அப்படிச் சொல்லியிருப்பாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமும் இல்லை. அது அவள் வாயிலிருந்து வருகிற பேச்சுத்தான். நம்ம ஊர் சோப்பு, நம்ம ஊர் டாக்டர், நம்ம ஊர் பஸ் என்று எதை எடுத்தாலும் அவள் அப்படித்தான் பேசுவாள்.

"கடைசியில எல்லாத்தையும் கொல்லத்தான போறீங்க" என்றாள் நல்லம்மாள். "அத நான் தடுக்க முடியுமா? ஏலாது. இருக்குற நாலு நாளைக்கு நோஞ்சானுங்க வலி தெரியாம இருந்துட்டுப் போவட்டும்னுதான் பாத்தேன். அது தப்புன்னா தப்புத்தான்."

திலகாவுக்குக் கோபம் போகவில்லை, ஆனால் அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியவில்லை. எல்லாக் குஞ்சுகளையும் மறுபடி ஒரே தொட்டியில் விடச் சொன்னாள். காலி மைலோ டின்னில் நீலமும் மஞ்சளுமாகத் துண்டுச் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினாள். நல்லம்மாள் கையில் வந்த குஞ்சைப் பிடிப்பாள், திலகா சீட்டை எடுப்பாள், சீட்டு சொல்கிற கூண்டுக்கு அது போகும். கண்கூடச் சரியாகத் திறக்காத மாதிரி இருந்த ஒரு நோஞ்சானுக்கு நீலம் விழுந்தது. நல்லம்மாள் சீட்டைப் பார்த்தாள், திலகாவைப் பார்த்தாள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை நீலக் கூண்டில் விட்டாள். ஊசி போடுகிற நேரத்தில் எப்போதும்போல அவள்தான் ஒவ்வொன்றையும் அசங்காமல் பிடித்துக்கொடுத்தாள். அவள் பிடித்தால் எலி துள்ளாது.

அன்று வீட்டில் நெத்திலிச் சம்பலும் முருங்கைக்கீரையும். திலகாவின் புருஷன் திவாகரன் செம்பனை லோரி ஓட்டுகிறவன். சோற்று நேரத்தில் எலிப் பேச்சு எடுத்தால் அவனுக்கு ஆகாது. அன்றைக்கு முழுக்கதையையும் கேட்டான். கேட்டுவிட்டு, இதில் மண்டையை உடைக்க ஒன்றுமில்லை என்றான். இனிமேல் சரியாகத்தானே செய்யப்போகிறீர்கள், பழையதற்கு ஏர்கோன்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் போகிறது, டாக்டரும் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார் என்றான். அக்காவைக் காட்டிக்கொடுத்தால் அக்காவின் வேலை போகும், கூடவே உன் வேலையும் போகும், அதனால் யாருக்கு என்ன லாபம் என்றும் கேட்டான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் திலகாவுக்கு ஆத்திரம். மீன் முள்ளை ஒதுக்குவதுபோல எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அவன் இரண்டாம் சோறு போட்டுக்கொண்டான்.

நல்லம்மாள் மட்டும் ஒன்று கேட்டாள். "அந்த ஜெராமுப் பையனுக்கு வேல போச்சே, அது எதனால?"

அது அவர்கள் வீட்டு விஷயம் என்றான் திவாகரன். நல்லம்மாள் தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சோறு பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

திலகா அந்த நாட்களை எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. சொல்லிவிடுவோம் என்று காலையில் கிளம்புவாள். டாக்டரின் அறைக்கதவைப் பார்த்ததும் சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றும். முதலில் இந்தத் தடவை தேறட்டும்; தேறிவிட்டால் பழையதை யார் கிளறப்போகிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லும்போதே தன்மேல் வெறுப்பாகவும் வந்தது.

தேறியது. சினைப்பைகளை எடுத்துச் சின்னத் தராசில் வைத்து வைத்து எடுத்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நீலமும் மஞ்சளும் தோளோடு தோள் நின்றன. ஜெராம் மருந்துக்கு வெளிநாட்டு மருந்தின் வீரியம் அப்படியே இருந்தது. திலகா எல்லாவற்றையும் இன்னொரு தடவை நிறுத்துப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க முடியாது.

மத்தியாஸ் அன்று மத்தியானமே வந்துவிட்டார். டாக்டர் அவரை முதன்முறையாக உட்காரச் சொன்னார். திலகாவையும் கூப்பிட்டார். நல்லம்மாள் தீனி வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசலைக் கடந்தவள், பேச்சுக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டாள். டாக்டருக்கு நல்ல மனநிலை. பேங்காக் பேச்சையே எடுக்கவில்லை. முதல் இரண்டு தடவை ஏன் தேறவில்லை என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுத வேண்டும், அதுதான் பாக்கி, ஏர்கோனாகத்தான் இருக்கும் என்றார்.

மத்தியாஸ் தலையை ஆட்டினார். "ஏர்கோன் இல்ல டாக்டர். இந்தத் தடவ நானே கலக்குனேன், தேறிடுச்சு. மச்சான் இருந்த ரெண்டு தடவையும் தேறல. இனி என்ன அத்தாட்சி வேணும்? பிளோரன்ஸ்கிட்ட இன்னிக்குச் சொல்லிடுவேன். ஒந்தம்பி திருட்டுப்பயதான், எலியே சொல்லிடுச்சுன்னு."

இப்படி ஒன்று நடக்கும் என்று திலகா யோசிக்கவே இல்லை. தப்பைத் திருத்தினால் தப்பு போய்விடும் என்றல்லவா இருந்தாள். இப்போது அவள் சரியாகச் செய்த ஒரு பரிசோதனையே, முகம்கூடப் பார்த்திராத ஒருவனைத் திருடனாக்கிவிட்டது. வாயைத் திறந்தாள். அதற்குள் வாசலிலிருந்து நல்லம்மாளின் குரல் வந்தது.

"தம்பி, ஒங்க மச்சான் மேல குத்தம் இல்ல. மருந்து மேலயும் இல்ல. மொத ரெண்டு தடவையும் நோஞ்சான் எலியா பாத்துப் பொறுக்கி ஒங்க மருந்துக்குப் போட்டது நான்."

டாக்டர் எழுந்தார், உட்கார்ந்தார். நல்லம்மாள் தான் பிரித்த விதத்தை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். மத்தியாஸ் தன் பெரிய கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்குத்தான் முதலில் பேச்சு வந்தது; பேச்சு என்ன, புலம்பல். முப்பது வருஷ சர்வீசில் மாடு உதைத்திருக்கிறது, மந்திரி உதைத்திருக்கிறான், இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை என்றார். ரிப்போர்ட்டைத் தூக்கி மேஜையில் போட்டார்.

"இதுல நான் என்னன்னு எழுதறது? ரூம் டெம்பரேச்சர்னு எழுதலாம், தீனின்னு எழுதலாம். பாவம் பாத்தாங்கன்னு எழுத முடியுமா?"

"எழுதுங்க டாக்டர்" என்றாள் திலகா. தன் குரல் அவ்வளவு நிதானமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம். "ஆனா அது பாதிதான். பாவம் பாத்தது அண்ணி. நம்மூரு மருந்துதான, அதுல என்ன இருக்கப்போவுதுன்னு எளக்காரமா பேசி அவங்க மனசுல போட்டது நான். அவங்க பேர எழுதுனா, மொதல்ல என் பேர எழுதுங்க."

இரண்டு பேரும் திங்கட்கிழமை வந்து தன்னைப் பார்க்க வேண்டும், அதற்குள் எதுவும் சொல்ல முடியாது என்று மட்டும் டாக்டர் சொன்னார். ஆனால் பேனாவை எடுத்தார். எழுதத் தொடங்கினார்.

மத்தியாஸ் வெளியே வந்து வேனுக்குப் பக்கத்தில் நின்று கைப்பேசியில் மச்சானின் பெயரைத் தேடி எடுத்தார். எடுத்தவர் அதை அழுத்தாமலே நின்றார். அவர் முகம் அழுவதற்கு முன்னால் பிள்ளைகளின் முகம் போவதுபோலப் போய்க்கொண்டிருந்தது. நல்லம்மாள் தீனி வாசம் அடிக்கிற கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"போன்ல வேணாம் தம்பி. அந்தப் புள்ள வீடு எங்க இருக்கு? நானும் வாரேன். நான் சொன்னாத்தான் சரியா இருக்கும்."

மத்தியாஸ் வேன் கதவைத் திறந்துவிட்டார். நல்லம்மாள் ஏறி உட்கார்ந்தாள். திலகா மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, பின்கதவைத் தானே திறந்துகொண்டு ஏறினாள்.